தவிலுக்கு அசையாத குதிரை

நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரைதான் என்று என் தாய்மாமன் ஒற்றைக்காலில் நின்றார். காஜா பெராங்கில் அவர் வீட்டுக் கொட்டகையில், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை ஒன்று இருந்தது. தவில் சத்தம் கேட்டாலே மிரளும். மாமா அதைக் குட்டைக் கயிற்றில் கட்டி, மாதக்கணக்கில் காதோரமே ஒரு பழைய தவிலை அடித்துப் பழக்கினார். முதலில் உதைத்தது, கயிற்றை அறுத்தது. பிறகு அசைவதையே விட்டுவிட்டது. "பாருலா, எப்படி அடக்கிட்டாரு!" என்று தெருவே மெச்சியது. மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குதிரைமேல் நான் ஊர்வலம் போவதுதான் அவருடைய ஆசையெல்லாம்.

நான் அப்போது கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின மாலை, தெங்கேராவில் இருந்த பெண் வீட்டுக்குக் கிளம்பினோம். தவில் முழங்கியது. குதிரை கல்லாக நின்றது. அதுதான் எனக்கு உறுத்தியது. கவனிக்கிற குதிரையின் காது ஓரிடத்தில் நிற்காது. இதன் காதுகளோ விறைத்துக் கிடந்தன. பட்டு வேட்டியோடு அருகில் போய், தாடை எலும்பின் உள்பக்கம் நாடி ஓடுமிடத்தில் விரல் வைத்தேன். பந்தயம் முடிந்து வந்த குதிரைக்கு அடிப்பதுபோல் அடித்தது. நின்ற இடத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, இது பழகல. பயத்துல செத்துக்கிட்டிருக்கு. நான் ஏறமாட்டேன்."

"ஊர் முன்னால என் மானத்த வாங்காத, மாப்ள."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சியதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் நடந்தே போனேன். மாமா வரவில்லை. மறுநாள் தாலி கட்டும்போதும் அவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

சாப்பாடு முடிந்த கையோடு, மாலையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனேன். மாமா குதிரையருகே நின்றிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எங்க விரல் வைக்கணும்?"

காட்டினேன். நாடி மெதுவாக அடிப்பதை அவரும் உணர்ந்தார். பிறகு மற்ற கையால் பக்கத்தில் கிடந்த தவிலை ஒரே ஒரு தட்டு தட்டினார். குதிரை இம்மியும் அசையவில்லை. விரலடியில் நாடி தெறித்து ஓடியதும் மாமாவின் முகம் மாறிப்போனது.

"அசையலயேன்னு சந்தோஷப்பட்டேனே, மாப்ள."

கயிற்றை அவிழ்த்து எறிந்தார். கொட்டகைக் கதவும் திறந்துதான் இருந்தது. குதிரை நின்ற இடத்திலேயே நின்றது.