சத்தியபாய் சும்மா கடலுக்குப் போனது

உதியன்குளங்கரையில் தையல்கடை வைத்திருக்கும் சத்தியபாய்க்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. பஸ் ஏறினால் போதும். இருந்தும் அப்பா, அம்மா, மாமனார் என்று யாருடைய சாம்பலோடாவதுதான் அங்கே போயிருக்கிறாள். சாம்பலைக் கரைத்து முங்கி எழுந்தால் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்பது முறை. ஆகவே ஐம்பது வயது தாண்டியும் அவள் கடலைச் சரியாகப் பார்த்ததில்லை.

குளத்தூருக்கு அப்பால், ஆறு கடலில் சேரும் பொழிமுகம்வரை அலையாத்தி மரங்கள் நிற்கும் கண்டல் காட்டையும் மணற்கரையையும் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், கடை கிடையாது, வண்டி போகாது, நடக்கலாம் என்று பிளவுஸ் தைக்க வந்த ஒருத்தி சொன்னாள். ஒரு தடவை பொழிமுகம்வரை நடந்துவிட வேண்டும் என்று சத்தியபாய் தீர்மானித்தாள்.

ஞாயிறு விடிந்ததும் தலைக்குக் குளித்து, மணல் பட்டாலும் தெரியாது என்று வெள்ளைச் செட்டுமுண்டு உடுத்து, கணவன் ராஜன் உறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுக் கனகதாஸ் நின்றான்.

"எங்கக்கா, காலையிலயே?"

"கடலுக்கு."

ஈரத்தலையையும் வெள்ளைத் துணியையும் பார்த்த கனகதாஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

காட்டு வாசலில் காவலர் ததேயூஸ் அவளுடைய பையில் பிளாஸ்டிக் உண்டா என்று பார்த்தார். அந்தக் கரையிலேயே பிறந்தவர்.

"செத்தவங்களுக்குப் பலியிடவா சேச்சி? இங்க அதுக்கு விடமாட்டோம்."

"நடக்க வந்தேன். பொழி வரைக்கும்."

"அங்க ஆரு உண்டு?"

"ஆரும் இல்ல."

"ஆரும் இல்லாத எடத்துக்கா இந்த மணல்ல நடந்து போறிய? செரி, உங்க இஷ்டமாக்கும்."

கண்டல் மரங்களைக் கடந்து அவள் மணலில் இறங்கினாள். நண்டுகள் அவளைக் கண்டு குழிக்குள் போயின. கால் வலிக்கத் தொடங்கியபோது ராஜன் போனில் கூப்பிட்டான்.

"எடி, ஆரு செத்தது?"

"ஆரும் சாவல்ல."

"கனகதாஸ் ஆள்களைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கான். நான் கதவைத் திறந்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஏமாத்தம். பின்ன உன் அண்ணனா இருக்கும்னு போன் போட்டான். உன் அண்ணனேதான் எடுத்தாரு."

"செரி."

"உடனே வா. இவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

பொழிமுகம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. இப்போது திரும்பினால், மறுபடி வருவதற்கு யாராவது சாக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வயதுப்படி பார்த்தால் அடுத்தது ராஜன்தான்.

"ஆளுக்கொரு கட்டன்சாயா போட்டுக் குடுங்க. நான் மெள்ள வாறேன்."

பொழிமுகத்தில் ஆறு ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமும் இருந்தன. கால் ஆறும்வரை அங்கே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பழக்கத்தில் தலையைக் குனிந்தபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கண்டல் மரங்கள் வந்தபோதுதான், இன்று யாரையும் கரைத்துவிட்டு வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நின்று, திரும்பி, நன்றாகப் பார்த்தாள். அதில் ஊருக்குத் திரும்பும் பஸ் போய்விட்டது.