ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

"இன்னைக்கு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்." எங்கள் தெருவில் சிலுவை நிற்கிற குருசடிக்கு முன்னால் மேசை போட்டு, ஸ்டவ்வில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தபோது புது நர்ஸம்மா சொன்ன வார்த்தை இது. எழுபதுகளின் கடைசி. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண்களில் பாதிப் பேர் அதைக் கேட்டதும் நடையைக் கட்டினார்கள்.

நான் போகவில்லை, மேசைப் பக்கமும் நெருங்கவில்லை. என் மகளுக்கு முத்தடுப்பு ஊசியின் முதல் தவணையைப் போட்டது வேறொரு நர்ஸ். ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது, தொடை கல்லாக வீங்கியது. சங்கு குளிக்கிற என் வீட்டுக்காரர் மறுநாள் தொழிலுக்குப் போகாமல் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இனி ஊசி என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றுவிட்டார். காய்ச்சலைவிட, ஏமாற்றிவிட்டாள் என்பதில்தான் அவருக்குக் கோபம். கொஞ்ச நாளில் பக்கத்துத் தெருக் குழந்தையொன்று, அந்த ஊசி தடுக்கிற தொண்டை அடைப்பான் வந்து மூச்சு முட்டி இறந்தது. அதிலிருந்து மகள் இருமினாலே அவள் மூச்சைக் காது வைத்துக் கேட்பேன்.

புது நர்ஸம்மாவுக்கு நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர். என் வயதுதான், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். உள்ளதையெல்லாம் சொன்னால் எவள் நிற்பாள் என்று கூட வந்த அதிகாரி அவளைக் கடிந்துகொண்டது எங்களுக்கே கேட்டது. அவளோ, தொடை வீங்கும், அபூர்வமாக வலிப்புகூட வரலாம், வந்தால் எங்கே தூக்கிவர வேண்டும் என்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே போனாள். உண்மை பேசுகிறவர்களைப் பிடிக்கும் என்று சொல்வது சுலபம். நம் பிள்ளையின் தொடையைப் பற்றிப் பேசும்போதுதான் கஷ்டம் தெரியும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வலிப்பையும் மறைக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடி கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். முதன்முதலில் அவரைச் சங்குக்கு இறக்கும்போது, காது பிளக்கிற மாதிரி வலிக்கும், மூக்கில் ரத்தம் வரும் என்று சொல்லித்தான் அவருடைய அப்பா இறக்கினாராம். சொல்லாமல் இறக்கிவிடப்பட்ட கூட்டாளி ஒருவன், ரத்தத்தைக் கண்டு பதறி ஏறியவன், மறுபடி கடலில் இறங்கவேயில்லையாம்.

"இவ சொல்லிட்டுப் போடுதா ஏளா, இவகிட்ட போடலாம். ஆனா சனிக்கிழமை போடச் சொல்லு" என்றார்.

எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். காய்ச்சல் வரத்தான் போகிறது என்றால் அப்பன்மார் வீட்டில் இருக்கிற நாளில் வரட்டுமே என்பது அவர் கணக்கு. நர்ஸம்மாவிடம் சொன்னேன். தனக்கு இது தோன்றவில்லையே என்று சிரித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலமே மேசை வந்தது. நடையைக் கட்டியவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் கடைசிவரை வரவேயில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் பூசை முடிந்து வந்து பார்த்தால், கடலையே கலக்குகிற ஆம்பளைகள் எல்லாம் சிணுங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் உலாத்துகிறார்கள். மாதா சப்பரத்துக்குக்கூட அவ்வளவு பயபக்தியாக நடந்திருக்க மாட்டார்கள். வெயில் ஏறும் நேரத்தில் நர்ஸம்மா வந்தாள். தன் கோயில் ஆராதனையை விட்டுவிட்டு வந்திருந்தாள். வீடு வீடாக நின்று நெற்றியையும் தொடையையும் தொட்டுப் பார்த்தாள். லீவு நாளில் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"காய்ச்சல் வரும்னு சொன்னவ, வந்துச்சான்னு பாக்க வரணும்லா" என்றாள்.

இப்போது ஊசி போட்டதும் என்னென்ன வரும் என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். எனக்கென்னவோ தாளை வாங்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் அவள் கையை நீட்டியும் என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தோளில் வைத்தபடியே காட்டினார். போன தடவை கொதித்த அதே சூடு, அதே வீக்கம். நர்ஸம்மா தொட்டுப் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அடுத்த ஊசி எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டார்.