ஆபிரகாம் வெளிக்கிட்ட கதை

போன ஞாயிறு கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயிலில் பூசை. குருவானவர் இளைஞர், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்து, சின்ன வயதிலேயே குருமடத்துக்குப் போன பிள்ளை. கைபேசியைப் பார்த்துப் பிரசங்கம் வாசித்தார். மீட்பு, மறைபொருள், இறையாட்சி என்று பிழையே இல்லாத தமிழ். என் வரிசையில் பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் அவரவர் கைபேசியில். திடீரென்று அவருடைய திரை அணைந்துவிட்டது. தலையை நிமிர்த்தி, குருமடத்தில் பழகிய பேச்சில், "அப்ப ஆபிரகாம் வெளிக்கிட்டாரு" என்றார். கோயிலே கம்மென்றிருக்க, நான் மட்டும் சிரித்துத் தொலைத்தேன்.

முன்வரிசை ஸ்வெட்டர் ஒன்றிலிருந்து வந்த பூச்சி உருண்டை வாசமும் சேர்ந்து என்னைப் பழைய காலத்துக்கு இழுத்தது. பல வருசங்களுக்கு முன் பூண்டுலோயாவில் நான் புதிதாக வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தபோதும் கோயிலில் இதே வாசம்தான். மாதம் ஒரு பூசை. ஒரு தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புதுச் சாமி வந்தார். மூன்று நாள் உட்கார்ந்து பிரசங்கம் எழுதியிருந்தார், பாவம்.

"எழுபத்தைஞ்சு வயசிலை ஆபிரகாம் வெளிக்கிட்டார். மனுசியும் வெளிக்கிட்டா. நீங்களும் எல்லாத்தையும் விட்டிட்டு இப்பவே வெளிக்கிட வேணும்!"

யாழ்ப்பாணத்தில் 'வெளிக்கிடுவது' என்றால் புறப்படுவது. எங்கள் லயங்களில் 'வெளிக்கி' என்றால் விடிந்ததும் செம்போடு போகிற காரியம். கொழுந்தெடுக்கும் சலேத்தம்மா முதலில் முந்தானையை வாயில் அடைத்தாள். அப்புறம் கோயிலே குலுங்கியது.

பூசை முடிந்ததும் சாமி என்னைப் பிடித்துக்கொண்டார். "வேதத்தைக் கேட்டுச் சிரிக்கிற சனத்திட்டை இனி வரமாட்டன். ஆயருக்கு எழுதப்போறன்."

பாஸ்குப் பெருநாளுக்கும் பூசை இல்லாமல் போய்விடுமே என்று விளக்கப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்துகிற வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த கக்கூசை விரலால் காட்டினேன். சாமி விழித்தார். சலேத்தம்மாதான் காப்பாற்றினாள்.

"சாமி, பொறப்பட்டாருன்னு சொல்லுங்க. நீங்க சொன்னது, அந்தா, அங்க போறதுங்க."

சாமி கக்கூசையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆபிரகாமோ?" என்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், அங்கியால் கண்ணைத் துடைக்கும்வரை. அதிலிருந்து சலேத்தம்மாவிடம் வாசித்துக் காட்டாமல் பிரசங்கம் வைக்கமாட்டார். அவள் முகம் சுளித்த சொல்லெல்லாம் வெட்டு. நான் கேட்டதிலேயே நல்ல பிரசங்கங்கள் அவைதான், நீளமும் குறைவு.

போன ஞாயிறு பூசை முடிந்து இளம் குருவானவர் என்னிடம் வந்தார். "எதுக்கு சார் சிரிச்சீங்க?"

"வெளிக்கின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா, ஃபாதர்?"

"இல்லீங்களே. அது யாழ்ப்பாணத்துச் சொல்லுங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் லயத்துப் பிள்ளைக்கும் கக்கூசை விரலால்தான் காட்டவேண்டியிருந்தது.