'நார்மல்' என்று அச்சான தாள்

1994 ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரம், தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் என் கிளினிக்குக்கு எதிரே ஓர் இளம் டாக்டர் கம்ப்யூட்டர் ஈசிஜி மெஷின் வாங்கி வைத்தார். நான் 1981 முதல் அங்கே வைத்தியம் பார்ப்பவன். என் பழைய மெஷின் வெறும் கோடுதான் போடும்; நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவருடையது கோடுகளுக்கு மேலே 'நார்மல்' என்றே அச்சடித்துத் தரும். என்னிடம் சளிக்கு வந்தவர்கள்கூட அங்கே போய்ச் சட்டையைக் கழற்றிப் படுத்தார்கள். அவர் வாசலில் கிடந்த செருப்புகளை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நிலத்தை மனை போட்டு விற்ற ஒருவர் என்னிடம் வந்தார். ரயில்வே மேம்பாலம் ஏறினால் நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றார். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் இது தெரியாமல் போகலாம், பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டுங்கள் என்றேன். அவர் எதிரே போய்விட்டு, தாளோடு திரும்பி வந்தார்.

"கம்ப்யூட்டரே நார்மல்னு எழுதிக் குட்த்துகீது சார். அதுக்கு யார் மேலயும் பொறாமை கெடையாது பாருங்க."

காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்; பொறாமைப்படுவதும் தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லை.

கூச்சத்தை விட்டு ரோட்டைக் கடந்து போய், மேம்பாலம் பற்றி அவரிடம் விசாரித்தீர்களா என்று அந்த டாக்டரைக் கேட்டேன். விசாரிக்கவில்லை. மெஷின் தப்பாகப் போட்டிருந்தால் சொல்லுங்கள் சார் என்றார், மரியாதையாக. தாளில் தப்பே இல்லை. அதுதான் சிக்கல் என்று சொல்லத் தெரியாமல் திரும்பினேன்.

அப்போது தாம்பரத்தில் ரேஷன் கார்டு முதல் கல்யாண போட்டோ வரை எல்லாவற்றையும் லேமினேஷன் செய்துகொண்டிருந்தார்கள். மனை விற்றவரும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தன் ஈசிஜி தாளைக் கொடுத்திருக்கிறார். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். லேமினேஷன் சூட்டில் முழுதும் கறுத்துவிட்டது. அபசகுனம் என்று பதறிய மனைவி, அன்று சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒரு கோடுகூடத் தெரியல சார், அப்டியே கரியா கீது. நீங்க எந்த ஆஸ்பத்திரி சொன்னீங்க?"

தாள் ஏன் கறுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டார்.

அந்தத் தாள்தான் தன்னைக் காப்பாற்றியது என்று இரும்புலியூர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கறுத்த பிறகும் என்னைவிட அதற்குத்தான் மதிப்பு.