இடது கை பிடித்த மேடு

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் நிரம்பாமல் இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க இப்போது எல்லாவற்றையும் ஆன்லைனில் கேட்கிறார்கள். வகை, ரெட்டைக்குழல் துப்பாக்கி. குழல் துளையின் அளவு, அதாவது போர், பன்னிரண்டு. எண்ணும் இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில் ‘மாடல்’ என்று கேட்டிருந்தார்கள்.

பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, “இங்கிலீஷ் துப்பாக்கின்னு போடு பாப்பா. ஊருக்கே தெரியும்,” என்றார்.

ஊருக்குத் தெரிந்தால் எனக்குப் போதாது. நான் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு ஷாஃப்ட் கையில் வந்தால், எந்த இரும்பு, எந்த மெஷின், எந்த ஷிஃப்ட் என்று தெரியாமல் அது என் மேஜையைத் தாண்டாது. அப்படிப்பட்ட என் வீட்டு மூலையிலேயே என்ன மாடல் என்று தெரியாத ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. கொஞ்சம் மானக்கேடாக இருந்தது. அதைவிடக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற துடிப்புதான் அதிகம்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து காட்டுப்பக்கம் போகிற சாலையில் இருக்கிறது. ராகி கதிர் முற்றும்போது கர்நாடகா பக்கத்திலிருந்து யானைகள் இறங்கும். பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ் ஊரில் அப்பாவிடம் மட்டும்தான் உண்டு. ஒரு எஸ்டேட்காரர் காலி செய்துவிட்டுப் போனபோது முறைப்படி எழுதி வாங்கிய துப்பாக்கி. அப்பா யானையைச் சுடுவதில்லை, வானத்தைச் சுடுவார். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊர் அவரைக் கூப்பிடும். நாங்கள் ‘துப்பாக்கிக்கார ஊடு’.

இருட்டில் துப்பாக்கியை எடுத்தால் அப்பாவின் இடது கை குழலின்மேல் வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிற்கும். இடது குழலின் வெளிப்பக்கத்தில் அங்கே ஒரு மெல்லிய மேடு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கை வைப்பதற்கென்றே வெள்ளைக்காரன் கொடுத்திருக்கிறான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். என் விரலையும் அங்கே வைத்துக் காட்டியிருக்கிறார்.

பழைய துப்பாக்கி ஆர்வலர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் சேர்ந்து படங்களைப் போட்டேன். குழல்களுக்கு நடுவே ஓடும் மேல்பட்டையில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள் இருந்தன. அதுதான் கம்பெனி பேர் என்று நான் வட்டம் போட்டே காட்டியிருந்தேன். எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் பதில் எழுதினார். நீ வட்டம் போட்டது விற்ற கடையின் பேர். செய்த இடம் தெரிய வேண்டுமானால் குழலுக்கு அடியில் இருக்கும் முன்மரத்தைக் கழற்றி அடிவயிற்றைக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். பழைய பெட்ஷீட் விரித்து நடுவீட்டில் உட்கார்ந்தோம். சோறு தின்கிற இடத்தில் இதைப் பரப்பாதீர்கள் என்று அம்மா ஒரு பாட்டம் திட்டிவிட்டு, எங்களுக்கு டீ போட்டாள்.

குழலின் அடியில் சின்னச் சின்ன முத்திரைகள். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்டை வடிவக் கோட்டுக்குள் மூன்று எழுத்து, தலைக்கு மேல் ஒரு கிரீடம். குழுவில் இருந்த முத்திரைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தே இல்லை. பெல்ஜியம்.

“அது எங்க இருக்குது?” என்றார் அப்பா.

“இங்கிலாந்துக்குப் பக்கத்துல.”

“அப்ப பக்கத்து ஊருதான. வுடு.”

சிரித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

முத்திரைப் படத்தை அனுப்பியதும் அந்த மனிதரிடமிருந்து நீளமாகப் பதில் வந்தது. இதற்கு மாடல் என்று ஒன்று கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் குழல், ஒரு வீட்டில் விசை, ஒரு வீட்டில் மரக்கட்டை என்று செய்து சேர்த்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். அதை விடு. பழைய கரிமருந்துக்கு மட்டும்தான் இதைச் சோதித்திருக்கிறார்கள். இந்தக் காலத்துத் தோட்டா மருந்தைத் தாங்கும் என்பதற்கு ஒரு சிங்க முத்திரை வேண்டும், உன்னுடையதில் அது இல்லை. குழலின்மேல் ஏதாவது வரிவரியாகத் தெரிகிறதா?

ஒரு வரியும் இல்லை, ஒரே சீரான கறுப்பு என்று எழுதினேன். 

அதைக் கறுப்பாக்கியது யார் என்று கேட்டார்.

டைப் செய்யப் போன விரல் அப்படியே நின்றது. யார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் தாய்மாமா.

மாமா ஓசூரில் ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர். போல்ட்டு, நட்டு எல்லாவற்றையும் காரக் கரைசல் கொதிக்கும் தொட்டியில் முக்கித் துருப் பிடிக்காமல் கறுப்பாக்குகிற வேலை. பிளாக்கோடைஸ் என்பார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் கம்பெனி வேலைக்காரர் ஒருவர் இருந்தால் போதும், துருப் பிடித்த எதுவும் துருவோடு இருக்காது. அரிவாள், கலப்பைக் கொழு, சைக்கிள் செயின் எல்லாம் கம்பெனி பஸ்ஸில் சாப்பாட்டுப் பையோடு போய், கறுப்பாகித் திரும்பி வரும். முந்தின வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் துப்பாக்கிக் குழலும் அப்படித்தான் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்வந்தது. பூஜையில் என் லேப்டாப்புக்கும் மாமாவின் பைக்குக்கும் நடுவில், சந்தனப் பொட்டோடு அது புதுப் பெண் மாதிரி மின்னியது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

கறுப்புக்கு அடியில் வரி இருக்கிறதா என்று பார்க்க, முன்மரம் மூடுகிற இடத்தில், வெளியே தெரியாதபடி ஒரு விரலகலம், நைஸ் எமரி பேப்பரால் தேய்த்தேன். கறுப்பு போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. குழுவில் ஒருவர் சொன்னபடி அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டுக் காத்திருந்தோம். மெல்ல மெல்ல ஒரு கோடு எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. களி கிண்டும்போது துடுப்பைச் சுற்றி விழுமே சுழி, அந்த மாதிரி சுழிசுழியாக இரும்பு முழுக்க.

“அட, எவ்ளோ அழகா இருக்குது,” என்றாள் அம்மா.

குழுவில் படித்தது அப்படியே கண்முன் இருந்தது. இது முழு இரும்பில் துளை போட்ட குழாய் இல்லை. இரும்பும் எஃகும் சேர்ந்த பட்டைகளை முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிக் கயிறு மாதிரி சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்ட வைத்தது. ஒட்டு எங்கே விட்டிருக்கிறது, துரு எந்த இடுக்கில் இறங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அதற்குள் அப்பா இன்றைய மருந்தை வைத்து வெடித்துக்கொண்டிருக்கிறார். கன்னத்தை ஒட்டி. இடது கையால் பிடித்துக்கொண்டு.

சொன்னேன். வேகமாகச் சொன்னதால் பாதி அவருக்குப் புரியவில்லை, மறுபடி சொன்னேன். அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“இத்தன வருசமா சுடறன். என்னா ஆச்சு எனக்கு? கைய பாரு.”

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முந்தின நாள்தான் மேட்டுக்காட்டில் யானைச் சாணி பார்த்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் கூப்பிட்டுவிடுவார்கள், குழலை மாட்டிக் கொடு என்றார். நான் மாட்டவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

மாமா பைக்கில் வந்து இறங்கும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். எங்கள் தொட்டியில் போட்ட சரக்கு கப்பலேறிப் போகிறது, ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை, இவள் போனில் எவனோ சொல்கிறதைக் கேட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்றார். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“கேட்டுக்க. உங்க மாமனே சொல்லிட்டான்.”

இரண்டு குழலையும் நடுப் பட்டையையும் எதை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று மாமாவைக் கேட்டேன். குனிந்து பார்த்தார். ஈயம் வைத்திருப்பான் என்றார். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டார். கொதிக்கிற காரம் ஈயத்தைக் கரைத்துவிடும் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 

அப்புறம் அவர் செய்ததை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் ஒரு கயிறு கேட்டார். குழலின் கொக்கியில் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டார். கிரைண்டிங் வீலை மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் தொங்கவிட்டு மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் மாட்டலாம். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், சுழலும்போது சிதறும். மாமா தினமும் செய்கிற வேலை அது. ஸ்க்ரூட்ரைவரின் மரப்பிடியால் குழலைத் தட்டினார்.

டப்.

இன்னொரு பக்கம் தட்டினார். நனைந்த பலகையைத் தட்டியது மாதிரி அதே சத்தம். மாமாவின் முகத்தில் அவ்வளவு சீக்கிரம் ரத்தம் வற்றி நான் பார்த்ததில்லை. நடுப் பட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். அது லேசாக எழும்பியது. உள்ளேயிருந்து வெள்ளையாக, உப்பு மாதிரி, பொடி உதிர்ந்தது. தொட்டித் தண்ணீர் உள்ளே புகுந்து, காய்ந்து, இத்தனை மாதமாக இரும்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

“மச்சான், இதுல வெடி வெக்காதீங்க,” என்றார் மாமா. “நான் போட்டது. நானே சொல்றன்.”

அப்பா அசையவில்லை. பட்டைதானே, ஈயம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம், குழலுக்கு என்ன என்று முனகினார். அவருடைய கை தானாகப் போய், தொங்கிய குழலில் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டது. 

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். குழலின் அடியிலிருந்து நுனி வரை பருமன் குறைந்துகொண்டே போக வேண்டும். இடது குழலில் அளந்துகொண்டே போனேன். குறைந்தது, குறைந்தது, அப்பாவின் விரல் இருந்த இடத்தில் கூடியது, தாண்டியதும் மறுபடி குறைந்தது. குழலை இறக்கி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்னும் உள்சுவரில், அதே இடத்தில், மோதிரம் போல ஒரு கறுப்பு வளையம். மாமாவிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

“அது எப்பவுமே இருக்கறதுதான,” என்றார். “கை வெக்கறதுக்கு.”

அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா சொன்னாள்: “எப்பவுமே எங்க இருந்துச்சு? நாந்தான எண்ண போட்டுத் தொடைக்கறன். மொதல்ல வழவழன்னுதான் இருக்கும். போன ராகிக்கு அப்பறந்தான் அந்த எடத்துல துணி தட்டுது.”

போன ராகி அறுப்பில் ஒரு வெடி வழக்கத்தைவிட ஓங்கி உதைத்தது என்று அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த இடம் கிழிவதற்குப் பதிலாக வீங்கி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இருட்டிலும், கிழியவிருக்கும் அந்த இடத்தையே தேடிப் பிடித்துக்கொண்டு சுட்டிருக்கிறார். வெள்ளைக்காரன் கொடுத்த அடையாளம் என்று எனக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறார். என் ஆள்காட்டி விரலைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அப்பா குழலைப் பெட்ஷீட்டில் மெதுவாக வைத்தார். தூங்கும் குழந்தையைக் கிடத்துவது மாதிரி அல்ல, பாம்பைக் கீழே விடுவது மாதிரி. இடது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பொழுது சாயும்போது பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஆனெ பந்தைத்தெ!” என்று கத்தினார். பயந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். யானை வந்துவிட்டது. அப்பா எழுந்தார். அவர் மூலையைப் பார்க்காமல் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போய், ஒரு காலி எண்ணெய் டின்னையும் கட்டையையும் எடுத்துக்கொண்டார். மாமா இன்னொரு டின்னை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“என்னாங்க, துப்பாக்கிக்காரரு இன்னிக்கு டின்னுக்காரரா?” என்று ஒருவர் கிண்டலடித்தது நான் நின்ற வரப்புவரை கேட்டது.

“ரிப்பேரு,” என்றார் அப்பா.

யானைகள் ஓடைப்பக்கமாக ராகியில் பாதியை மிதித்துவிட்டுத்தான் போயின. துப்பாக்கி வெடித்திருந்தால் முன்னாடியே திரும்பியிருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். அப்பா டின்னைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். 

மறுநாள் நான் லீவு போட்டேன். ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸை என்ன செய்வது என்று கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்க வேண்டும். விண்ணப்பத்தை அனுப்பாமலேயே மூடிவிட்டேன். மாடல் கட்டம் காலியாகவே இருந்தது.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். சாக்கில் சுற்றிய துப்பாக்கியை அப்பா வலது கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரில் வந்தன. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அவருடைய இடது கை என் தோளைப் பிடித்தது. அப்புறம் எடுக்கவே இல்லை. ஸ்டேஷன் வரும்வரை அந்த ஐந்து விரலும் தனித்தனியாக எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தன.