அந்தப் பொத்தான்களைப் பூட்டியது யார்?

போன வாரம் ஒரு காபி நேரத்துக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கூலி — ஒரு துண்டு எலுமிச்சை கேக்.

பலெர்மோவில் நான் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஐரிஷ் கவிஞர் வந்திருந்தார். பெயர் நோரா. அறுபதைத் தாண்டியவர். மாலையில் கவிதை வாசிப்பு. அதுவரை அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஏன் நான்? துறையில் ஆங்கிலத்துக்குப் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான்!

அயர்லாந்தின் மேற்குக் கரையில், சின்ன மீன்பிடி ஊரில் பிறந்தவர் நோரா. பள்ளி முடித்ததும் டப்ளினுக்குப் போய், தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை. ஷிஃப்டுக்கு நடுவே கவிதை. நாற்பது வயதில் முதல் தொகுப்பு. அதில் ஒரே ஒரு கவிதை அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

படகு கவிழ்ந்து இறந்துபோன தம்பி. துறைமுகக் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்கள். அடையாளம் காட்டப் போகும் ‘நான்’, அவனுடைய ஈரச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிடுகிறேன்... அவ்வளவுதான் கவிதை.

விருது. பாடப்புத்தகம். பல மொழிகள். அதற்குப் பிறகு மெலிந்த இரண்டு தொகுப்புகள். அப்புறம் ஒன்றுமே இல்லை.

“எந்த ஊருக்குப் போனாலும் அதைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள்” என்றார். பெருமையாகச் சொன்ன மாதிரி இல்லை.

அவர் தங்கியிருந்தது போர்கோ வெக்கியோ சந்தைப் பக்கம் ஓர் அபார்ட்மென்ட். அங்கே சுத்தம் செய்ய வருகிறவர் செல்வியக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் இருபது வருஷம். நோரா அவரையும் எங்களோடு காபிக்கு உட்காரவைத்தார்.

“இந்தச் சிஞ்ஞோரா என்ன எழுதிறவ, தங்கச்சி?” என்று என்னைக் கேட்டார் செல்வியக்கா. சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மணி.

கவிதையைத் தமிழில் சொன்னேன். அவர் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“குடுத்து வைச்சவ.”

“என்னக்கா சொல்றீங்க?”

“என்ர தம்பி செத்தபோது நான் இஞ்சை. பெர்மெஸோ புதுப்பிக்கக் குடுத்திருந்த நேரம். அது கையில இல்லாமப் போனா திரும்பி வரேலாது எண்டிச்சினம். எல்லாம் ஃபோனிலதான் பாத்தனான். இவவுக்குப் பக்கத்தில நிண்டு பொத்தான் பூட்டவாவது கிடைச்சிருக்கு. சொல்லுங்கோ அவவுக்கு.”

பெர்மெஸோ என்பது இங்கே தங்குவதற்கான அனுமதி. அதையும் விளக்கி, சொன்னேன்.

நோரா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “நான் அங்கே இல்லை” என்றார்.

அன்று அவர் டப்ளினில் வேலையில் இருந்தாராம். கொட்டகைக்குப் போனது, பொத்தான் பூட்டியது — எல்லாம் அவருடைய அக்கா மேரி. இறுதிச்சடங்கு முடிந்தபின் மேரி தங்கையிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. நோரா அதை ‘நான்’ என்று எழுதிவிட்டார். புத்தகம் வந்த வருஷத்திலிருந்து மேரி அவரோடு பேசுவதில்லை.

இதையும் நான்தானே தமிழில் சொல்லவேண்டும்? சொன்னேன்.

செல்வியக்கா கோபப்படவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். “அந்த அக்கா இப்ப இருக்கிறாவோ?”

“இருக்காங்க.”

“அப்ப எடுத்துக் கதைக்கச் சொல்லுங்கோ. இருக்கேக்கைதானே கதைக்கலாம்.” எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

நான் அதைச் சொன்னதும் நோரா ஃபோனோடு பால்கனிக்குப் போனார். கீழே மீன்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்து, சிவந்த மூக்கோடு திரும்பி வந்தார்.

“‘இதைச் சொல்ல நீ இத்தாலிவரை போகவேண்டியிருந்ததா?’ என்று கேட்டாள். பிறகு நன்றாகத் திட்டினாள். ‘கவிதையை வாசி, ஆனால் யாருடைய கைகள் என்று சொல்லிவிட்டு வாசி’ என்கிறாள்.”

மாலை, மேடையில் அப்படியே சொன்னார். “இதில் வரும் கைகள் என்னுடையவை அல்ல. என் அக்காவினுடையவை.” அரங்கில் ஒரு சலசலப்பு. விழாவை ஏற்பாடு செய்த பேராசிரியருக்கு முகமே மாறிவிட்டது. ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் கவிதை பொய்யா?” என்றாள்.

“பொத்தான்கள் உண்மை. ‘நான்’ என்ற ஒரு சொல்தான் பொய்” என்றார் நோரா.

எனக்குச் சுருக்கென்றது. குவெஸ்தூரா என்கிற போலீஸ் அலுவலகத்தின் வாசலில், மழையில் மூன்று மணி நேரம் நின்ற கதையை இதே பத்தியில் எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ‘பாவம் நீங்கள்’ என்று எத்தனை கடிதங்கள்! நின்றது நான் இல்லை. என் அறைத்தோழி ஷாலினி. ‘நான்’ என்று போட்டால் நன்றாக இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். ஷாலினி படித்துவிட்டுச் சிரித்தாள்... அன்றைக்கு அது வெறும் சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

ஒருவர் தன் துக்கத்தை நம்மிடம் சொல்வது, அதை நாம் வைத்துக்கொள்வதற்காக அல்ல.

நோரா நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மேரி இன்னும் முழுசாக மன்னிக்கவில்லையாம். ஆனால் ஃபோனை எடுக்கிறாராம்.

இதை எழுதுவதற்கு முன்னால் செல்வியக்காவிடம் அனுமதி கேட்டேன்.

“எழுதுங்கோ. ஆனா நான் அழுதனான் எண்டு மட்டும் போட்டுடாதேங்கோ — நான் அழேல்லை.”