ரேடியோ வாய்மூடிய இரண்டு வாரம்

கடைவீதி முனையில் மூன்று நாற்காலி போட்ட ஒரு சலூன். அதன் உரிமையாளரை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தொடங்குகிற பேச்சு, அதை இறக்கிப் பூட்டும்வரை ஓயாது. கத்தரி வேகமா வாய் வேகமா என்று சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கேள்வி, பதில் இரண்டையும் அவரே பார்த்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பதாவது வயதில் தொண்டை கட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் சரியாகவில்லை. போய்க் காட்டினால், குரல்நாணில் சின்னதாக ஒரு முடிச்சு. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். ஆனால் டாக்டரம்மா கறாராக இருந்தார்.

“ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது.”

“அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர். வீட்டுல மாட்டி வைக்கறேன்” என்றாள் மனைவி. ரேடியோ முறைத்தார். முறைக்கத் தடை இல்லையே.

நான்காம் நாள் கடையைத் திறந்தார். ஒவ்வொருவருக்கும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி விளங்கவைப்பதற்குள் ஒரு தலையே வெட்டி முடித்திருக்கலாம். “என்ன அண்ணே, எம்மேல ஏதாச்சும் கோவமா?” என்று ஒருவர் பாதியில் எழுந்தேவிட்டார். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்து மனைவிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறவள் அவள். பிரிண்டர் கைவசம் இருந்தது. இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் படமும் எழுத்தும் துணியில் ஒட்டிக்கொள்கிற டிரான்ஸ்பர் தாள் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, மறுநாளே ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள்.

பெரிய எழுத்தில் அச்சிட்டாள்: “என் தொண்டைக்கு லீவு. நீங்க பேசுங்க!” கீழே பூட்டுப் போட்ட வாய் ஒன்று. தாளை வெட்டுகிற வேலையை ரேடியோ வாங்கிக்கொண்டார். கத்தரி விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார். ஓரத்தை ஒட்டி, மூலைகளை வளைத்து, காது மடலைச் சுற்றி வெட்டுகிற பதத்தில் வெட்டிக் கொடுத்தார்.

வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட்டை மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, தாளைக் கவிழ்த்து வைத்து, அவள் தேய்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுத்தை அப்படியே அச்சிட்டுக் கவிழ்த்தால் துணியில் இடம் வலமாக மாறித்தானே விழும்! மேசையைத் தட்டினார்.

“அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்? இதுக்கு மேல அழுத்தினா மேசை உடைஞ்சிடும்.”

தலையை ஆட்டினார். பென்சிலைத் தேடி எடுத்து, “திருப்பிப் போடணும்” என்று எழுதி நீட்டினார்.

“திருப்பிப் போட்டுத்தாங்க தேய்க்கறேன். கொஞ்சம் சும்மா இருங்க.”

சூடு ஆறியதும் தாளை உரித்தாள். எழுத்து துளி பிசகாமல் ஒட்டியிருந்தது, ஆனால் இடம் வலமாக மாறி. உதடு துடித்தது. அவள் கண் கலங்குவதற்குள் அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவள் சிரித்துவிட்டாள். காலையில் அதையே போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

முதலில் வந்தவர் பேக்கரிக்காரர். பதினோரு வருட வாடிக்கை. “கொஞ்சம் குட்டையா” என்பதைத் தாண்டி வாய் திறந்ததில்லை. திறக்க இடம் கிடைத்ததில்லை என்பதே சரி. ரேடியோ பின்னால் நின்று துணியைப் போர்த்தினார். பேக்கரிக்காரர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“என் தொண்டைக்கு லீவு... நீங்க பேசுங்க.”

ரேடியோ திடுக்கிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியில் அத்தனை எழுத்தும் ஒழுங்காக, நேராக நின்றன.

பேக்கரிக்காரர் கண்ணாடியிலேயே கடைக்குள் ஒருமுறை நோட்டம் விட்டார். பிறகு மெல்ல, “யார்கிட்டயும் சொல்லலை அண்ணே. நான் நீச்சல் கத்துக்கறேன், இந்த வயசுல. கூட கத்துக்கறதெல்லாம் பொடிசுங்க. நேத்துதான் முதல் தடவையா மிதந்தேன்” என்றார்.

ரேடியோ கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அவ்வளவுதான், மடை திறந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது, பயத்தில் பயிற்சியாளரின் காதைப் பிடித்துத் தொங்கியது என்று எல்லாம் கொட்டினார். அடுத்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரும் சேர்ந்துகொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ரேடியோ பென்சிலை எடுத்தார். இன்னொரு டீ-ஷர்ட் வேண்டுமாம். எழுத்து இதே மாதிரி மாறியிருக்க வேண்டுமாம். முன்பக்கம் “அப்புறம்?”, முதுகில் “அட, நிஜமாவா!” அதைப் போட்டுக்கொண்டு, கதைக்குத் தகுந்தபடி கண்ணாடி முன் சுழன்று சுழன்று முடி வெட்டினார். வெட்டிக்கொள்ள முடியில்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு வாரம் முடிந்து, டாக்டரம்மா தினம் ஐந்து நிமிடம் பேச அனுமதித்தார். அந்த முதல் நாளின் ஐந்து நிமிடத்தில் ஒரு நொடியைக்கூடக் கடையில் செலவழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“கேளேன், நம்ம பேக்கரிக்காரரு இன்னிக்கு குளத்தை அந்தக் கரையிலேர்ந்து இந்தக் கரை வரைக்கும்...”

ஆறாவது நிமிடம் பிறந்தபோது மனைவி சிரித்துக்கொண்டே அவர் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாகக் கதை வந்துகொண்டே இருந்தது.